வீட்டுப் பஞ்சத்தைச் சட்டமே வளர்க்கிறது

இதை எழுதுபவன் ரயில்வே குமாஸ்தா. மாதத்தின் முதல் வாரத்தில் சீசன் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் நீளும் வரிசையைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன். அந்த வரிசையில் கோலார் தங்கவயல்காரர்கள் நிற்கிறார்கள். பங்காருப்பேட்டை, மாலூர், குப்பம் பக்கத்தவர்கள் நிற்கிறார்கள். விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, கிருஷ்ணராஜபுரத்திலும் பையப்பனஹள்ளியிலும் கண்டோன்மென்டிலும் இறங்கி, நாள் முழுதும் உழைத்து, இரவு மீண்டும் ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்பவர்கள் இவர்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, பிழைப்புக்குப் பெங்களூரை நம்ப வேண்டிய கதி அந்த ஊருக்கு வந்தது. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் இவர்கள் ஏன் வேலை செய்யும் ஊரிலேயே குடியேறவில்லை? கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "அங்க ஒரு ரூமுக்குக் கேக்கிற அட்வான்ஸை எங்கே போய்ப் புரட்டறது அண்ணே? சீசன் எடுத்துட்டா மாசம் ஓடிடும்."

தினமும் நான்கைந்து மணி நேரத்தை ரயிலில் தொலைத்தாலும் பரவாயில்லை, பெங்களூரில் வீடு எடுக்க முடியாது என்று ஒரு தொழிலாளி முடிவு கட்டுகிறான் என்றால், அந்த நகரத்தில் ஏதோ அடிப்படையிலேயே கோளாறு இருக்கிறது. அந்தக் கோளாறு எங்கே என்பதை இந்த இதழில் நம் வாசகர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

"ஜனங்கள் பெருகிவிட்டார்கள், வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்துவிட்டார்கள், இடம் எங்கே இருக்கிறது?" என்று சிலர் சொல்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் பெங்களூர் மாநகராட்சி எல்லைக்குள் 84 லட்சம் பேர் இருந்தார்கள். அதற்குப் பிறகு இன்னும் பெருகியிருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த மக்கள் அழையாத விருந்தாளிகள் அல்லர். கண்டோன்மென்ட் கட்டிய காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து கூலிகளையும் கொத்தர்களையும் வரவழைத்தார்கள். பின்னி மில்லுக்கு ஆள் தேவைப்பட்டது, வந்தார்கள். 1940-ல் விமானத் தொழிற்சாலை, 1948-ல் ஐ.டி.ஐ., 1953-ல் எச்.எம்.டி., 1954-ல் பி.இ.எல். என்று தொழில்கள் வரவர உழைப்பாளிகளும் வந்தார்கள். இன்று மெட்ரோ ரயில் கட்டவும், கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களைத் துடைக்கவும், அங்கே வேலை செய்பவர்கள் வீட்டில் சமைக்கவும் ஆள் தேவைப்படுகிறது. வேலைக்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு இரவில் படுக்க ஓர் அறை மட்டும் வேண்டாம் என்று எந்த நியாயத்தில் சொல்வது?

இடம் இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. இருக்கிற இடத்தில் யாருக்கு என்ன கட்டலாம் என்று சொல்லும் சட்டமே நமக்கு எதிராக இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பொறியாளர்கள் 'ஜோனிங்' விதிகள் என்று சொல்வார்கள். பெயரைக் கேட்டு நம் தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வாடகையும் அட்வான்ஸும் உங்கள் வீட்டுக் கரண்டு பில்லும் அந்த விதிகளில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

விஷயம் இதுதான். நகரத்தின் வரைபடத்தை எடுத்து, குடியிருப்புக்கு மஞ்சள், கடைகண்ணிக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, பூங்காவுக்குப் பச்சை என்று நிறம் பூசுகிறார்கள். பிறகு ஒவ்வொரு மனையிலும் எத்தனை சதுர அடி கட்டலாம், நாலாபுறமும் எவ்வளவு இடம் விட வேண்டும், காருக்கு எத்தனை இடம் ஒதுக்க வேண்டும் என்று விதி எழுதுகிறார்கள். கர்நாடகத்தில் இதற்கு ஆதாரம் 1961-ஆம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டம். அதன்கீழ் 1972, 1984, 1995 ஆகிய ஆண்டுகளில் பெங்களூருக்குத் திட்டங்கள் வந்தன. 2015-ஆம் ஆண்டை இலக்காக வைத்த பெருந்திட்டம் 2007-ல் ஒப்புதல் பெற்றது. 2031-க்கான அடுத்த திட்டத்தின் வரைவு 2017-ல் வெளியாகி, பிறகு திரும்பப் பெறப்பட்டது. அதாவது 2015-க்கென எழுதிய விதியை வைத்துக்கொண்டு, அந்த ஆண்டு கடந்த பிறகும் நகரம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட விதிகளே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. 1898-ல் பெங்களூரைப் பிளேக் நோய் சூறையாடியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கடியான சந்துகளில் மக்கள் செத்து விழுந்தார்கள். அதன் பிறகே மல்லேசுவரம், பசவனகுடி விஸ்தரிப்புகளும், கண்டோன்மென்ட் பக்கம் பிரேசர் டவுனும் அகலத் தெருக்களோடு வளர்ந்தன. வீட்டுக்கு வீடு இடைவெளி வேண்டும், ஜன்னல் வேண்டும், சாக்கடை வேண்டும் என்ற பாடத்தை அந்த நகரம் மனித உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தை நாம் மதிக்கிறோம். நாளடைவில் அந்த விதிகளின் நோக்கம் மாறிப் போனதுதான் நம் குறை. நோயைத் தடுக்கப் பிறந்த விதி, பிற்காலத்தில் ஒரு மனை, ஒரு குடும்பம், ஒரு கார் என்ற கணக்கில் வாழ்பவர்களுக்காக எழுதப்பட்ட விதியாகிவிட்டது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதற்குத் தளப்பரப்பு விகிதம் என்று பெயர். நம் மேஸ்திரிகள் 'எப்.ஏ.ஆர்.' என்பார்கள். 2007-ல் ஒப்புதல் பெற்ற பெருந்திட்டத்தில், குறுகிய தெருவில் உள்ள சிறு குடியிருப்பு மனைக்கு அது 1.75. இருபதுக்கு முப்பது சைட்டின் பரப்பு 600 சதுர அடி. அதில் சட்டப்படி கட்டக்கூடியது 1,050 சதுர அடி. மாடிப்படிக்கும் சுவருக்கும் போக, அடுப்பங்கரையோடு கூடிய ஒற்றை அறைகளாகப் பிரித்தால் நான்கு குடும்பம் குடியிருக்கலாம். இனி நம் தெருக்களைப் பாருங்கள். அதே இருபதுக்கு முப்பதில் நான்கு மாடி நிற்கிறது. மாடிக்கு இரண்டு அல்லது மூன்று குடித்தனம். சட்டம் நான்கு குடும்பத்துக்கு இடம் தருகிறது. வாழ்க்கை பத்துக் குடும்பத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. மீதி ஆறு குடும்பம் சட்டத்தின் கண்ணுக்கு இல்லாத குடும்பம்.

இதே திட்டத்தில், முப்பது மீட்டருக்கு மேல் அகலமான சாலையில் பெரிய மனை வைத்திருப்பவருக்கு விகிதம் 3.25 வரை போகிறது. அகலச் சாலையில் கூட்டத்தையும் வண்டிகளையும் தாங்கும் வசதி உண்டு என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் பொய்யல்ல. ஆனால் அகலச் சாலையில் ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்பவர் யார், பத்தடிச் சந்தில் குடியிருப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டாமா? பின்னி மில் சங்கு ஊதிய இடத்தில் இன்று வானளாவிய அடுக்குமாடிகள் நிற்கின்றன. அந்த மில்லில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே வீட்டுக்காரர்களாக நுழைகிறார்கள்? பாத்திரம் தேய்க்கவும் காவல் காக்கவும் நுழைகிறார்கள்.

சட்டம் தேவையைவிடக் குறைவாக அனுமதித்தால் தேவை நின்றுவிடாது. அது சட்டத்துக்கு வெளியே போகும். பெங்களூரில் நடந்தது அதுதான். நகரைச் சுற்றிப் பச்சை வளையம் என்று வரைபடத்தில் கோடு போட்டார்கள். கோட்டுக்குள் மனை வாங்க முடியாதவன் கோட்டைத் தாண்டிப் போய், விவசாய நிலத்தைக் கூறுபோட்டு விற்ற 'ரெவின்யூ சைட்டை' வாங்கினான். கையில் பி காத்தாவை வைத்துக்கொண்டு இருபது, முப்பது ஆண்டுகள் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினான். விதி மீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கி ஒழுங்குபடுத்த 'அக்ரம சக்ரம' என்ற திட்டம் வந்தது. வீடுகளில் 50 சதவீதம் வரை மீறலை மன்னிக்கலாம் என்றது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பி காத்தாவை ஏ காத்தாவாக மாற்றித் தருவதாக 2025-ல் அரசு அறிவித்தது. நடந்ததைப் பிறகு மன்னிப்பதையே அரசாங்கங்கள் மாறி மாறிச் செய்கின்றன. ஏழைகள் விதிக்குள் நின்று வீடு கட்டவும் வாடகைக்கு எடுக்கவும் முடிகிற மாதிரி விதியைத் திருத்துவதை மட்டும் யாரும் செய்வதில்லை.

இதனால் அதிகம் அடிபடுவது யார்? கட்டட உரிமையாளர் என்று நினைப்பீர்கள். அடி விழுவது வாடகைக்காரன் தலையில். 2024 டிசம்பர் 17-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. குடிபுகு சான்று, அதாவது ஓ.சி., இல்லாத கட்டடத்துக்கு மின்சாரமும் குடிநீரும் இணைக்கக்கூடாது என்றது. சட்ட மீறலைத் தடுக்க வேண்டும் என்ற அந்த நோக்கம் சரியானதே. ஆனால் பெங்களூரின் சிறு மனைகளில் ஓ.சி. வாங்கிய கட்டடத்தை விளக்குப் போட்டுத்தான் தேட வேண்டும். ஆயிரக்கணக்கான புதிய வீடுகள் மீட்டருக்குக் காத்து நின்றன. தற்காலிக இணைப்பை வாங்கிய உரிமையாளர், அதன் கூடுதல் கட்டணத்தை அப்படியே குடித்தனக்காரர் தலையில் இறக்கினார். சென்ற கோடையில் நம் உறுப்பினர் குடும்பம் ஒன்று, இரண்டு விளக்கு ஒரு மின்விசிறிக்கு வந்த பில்லைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவந்து காட்டியது. திருப்பத்தூர்ப் பக்கமிருந்து வந்து கட்டட வேலை செய்யும் அந்த அம்மாள் கேட்ட கேள்வி இன்னும் காதில் ஒலிக்கிறது: "பிளானை மீறிக் கட்டினது ஓனரு. அபராதம் எதுக்குண்ணே எங்களுக்கு?" 2025 இறுதியில், 1,200 சதுர அடி வரையுள்ள மனைகளில் கட்டிய சிறு வீடுகளுக்கு ஓ.சி.யிலிருந்து விலக்களிக்க கர்நாடக அரசு முடிவெடுத்தது. இது நமக்கு ஓரளவு ஆறுதல்தான். ஆனால் விலக்கு என்பது சட்டத்தில் ஓட்டை போடுவது. அந்தச் சட்டம் சொல்லும் அளவுக்கு மேல் உயர்ந்த மாடிகளில் இருக்கும் நம் மக்களை அந்த விலக்கு எட்டாது.

விதி மீறலை நாம் ஆதரிக்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். 2024 அக்டோபரில் ஹென்னூரை அடுத்த பாபுசாபாளையாவில் கட்டிக்கொண்டிருந்த பல மாடிக் கட்டடம் மழையில் சரிந்து விழுந்தது. அனுமதியை மீறி மாடி மேல் மாடி ஏற்றிய கட்டடம் அது. இடிபாட்டுக்குள் மாண்டவர்கள் எல்லோரும் நம்மைப் போல வெளியூரிலிருந்து கூலிக்கு வந்த உழைப்பாளிகள். அஸ்திவாரம் ஒரு மாடிக்கு, கட்டடம் ஐந்து மாடிக்கு என்றால், முதலில் சாகிறவன் சித்தாள். இரண்டாவது சாகிறவன் குடித்தனக்காரன். ஆகவே கம்பி எத்தனை, சிமென்ட் எத்தனை, தீ பிடித்தால் வெளியேற வழி எது என்ற விதிகளை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்பது நம் நிலை. உயிரைக் காக்கும் விதியையும், கார் நிறுத்த இடம் கேட்கும் விதியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்பதே நாம் கேட்பது. சைக்கிள்கூட இல்லாத பத்துக் குடும்பம் வாழும் கட்டடத்தில், தரைத்தளத்தைக் காருக்கு ஒதுக்கச் சொல்லும் விதி யார் உயிரைக் காப்பாற்றுகிறது?

இங்கே நம் சொந்த வீட்டுக் குப்பையையும் கொஞ்சம் பெருக்கியாக வேண்டும். நம் சங்கத்திலேயே ஒரு மாடியும் இரண்டு மாடியும் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களும் ஒரு காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே இருந்து, வயிற்றைக் கட்டி, சீட்டுக் கட்டி, மனை வாங்கியவர்கள்தான். ஆனால் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவதும், காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாதத்தைப் பிடித்துக்கொள்வதும் அவர்களிடமும் உண்டு. பக்கத்து மனையில் இன்னும் நாலு குடித்தனம் வருகிறது என்றால் முதலில் முணுமுணுப்பதும் அவர்களே. தோழர்களே, பத்து மாத அட்வான்ஸ் எங்கிருந்து பிறந்தது? வீடு ஒன்று, கேட்பவர் இருபது பேர் என்ற நிலையிலிருந்து பிறந்தது. காலி வீடுகள் நாலு தெருவிலும் இருந்தால், எந்த உரிமையாளரும் பத்து மாதம் கேட்க முடியாது. சாதி கேட்டு, மதம் கேட்டு, கறி சமைப்பீர்களா என்று கேட்டு, தமிழாளா என்று கேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பவும் முடியாது. வீடு அதிகமாவதே வாடகைக்காரனுக்கு முதல் பாதுகாப்பு.

நம் சங்கமும் இதுவரை செய்யாத ஒன்று இருக்கிறது. குடிசைப் பகுதிகளுக்கு ஹக்குப் பத்திரம் கேட்டோம், தண்ணீர்க் குழாய் கேட்டோம், சில இடங்களில் பெற்றும் தந்தோம். 1973-ஆம் ஆண்டின் கர்நாடகக் குடிசைப் பகுதிச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்காகப் பலமுறை மனு கொடுத்தோம். ஆனால் அந்தக் குடிசைக்குள்ளேயே வாடகைக்கு இருப்பவனை நாமும் மறந்தோம். மறந்தால் என்ன ஆகும் என்பதை ஈஜிபுரா காட்டியது. நலிந்த பிரிவினருக்காக 1990-களின் தொடக்கத்தில் மாநகராட்சி அங்கே சுமார் 1,500 வீடுகள் கட்டியது. கட்டிய தரம் எப்படியென்றால், பதினைந்து ஆண்டுக்குள் சில பிளாக்குகள் இடிந்து விழுந்தன. மக்கள் அதே இடத்தில் தகரக் கொட்டகை போட்டு வாழ்ந்தார்கள். அந்த நிலத்தில் பாதியில் வணிக வளாகமும் மீதியில் வீடுகளும் கட்டுவதற்கு ஒரு தனியார் நிறுவனத்தோடு மாநகராட்சி ஒப்பந்தம் போட்டது. 2013 ஜனவரியில் புல்டோசர்கள் வந்தன. தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் தலித்துகளுமாக ஆயிரக்கணக்கானோர் நடைபாதைக்கு வந்தார்கள். ஆதியில் ஒதுக்கீடு பெற்றவர்களுக்குத்தான் மாற்று வீடு என்றது மாநகராட்சி. வாடகைக்கு இருந்தவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

ஆகவே 'வீடு அதிகமாக வேண்டும்' என்று மட்டும் சொன்னால் போதாது. எங்கே, யாருக்கு, என்ன விலைக்கு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சென்னையில் கண்ணகி நகரில் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டினார்கள். எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்து தூக்கிக் கொண்டுபோய் அங்கே இறக்கிய குடும்பங்கள், வேலையையும் பள்ளிக்கூடத்தையும் தொலைத்தன. வீடு கிடைத்தது, பிழைப்பு போயிற்று. அப்படிப்பட்ட வீட்டைப் பெங்களூரில் யாரும் கேட்கவில்லை.

பிற நாடுகளில் என்ன செய்தார்கள் என்றும் பார்ப்போம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 2016-ல் புதிய நகரத் திட்டம் வந்தது. குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில், ஒற்றை வீட்டுக்குப் பதில் வரிசை வீடுகளும் சிறு அடுக்கு வீடுகளும் கட்ட அனுமதித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அனுமதி பெற்ற வீடுகளின் எண்ணிக்கை சுமார் இரு மடங்காயிற்று. விதியைத் திருத்தினால் வீடு பெருகும் என்பதற்கு அது சாட்சி. சிங்கப்பூரில் 1960-ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அரசே நிலத்தை எடுத்து அடுக்கு வீடுகளைக் கட்டியது. அங்கே குடியிருப்பாளர்களில் ஐந்தில் நான்கு பேர் வரை அந்த வீடுகளில் வாழ்கிறார்கள். நம் தமிழரும் வாழ்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டடங்களைக் கட்டப் போன நம் ஊர்ப் பிள்ளைகள் எங்கே தங்கினார்கள்? நகரத்து ஓரத்தில், ஓர் அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் என்ற தொழிலாளர் விடுதிகளில். 2020-ல் கொரோனா அந்த விடுதிகளைத்தான் அதிகமாகத் தாக்கியது. குடிமகனுக்கு வீடும் கூலிக்காரனுக்குக் கொட்டகையும் என்று எந்த நாடு பிரித்தாலும், அது நாம் பின்பற்ற வேண்டிய வழி ஆகாது.

நம் நாட்டிலும் அசைவு தெரிகிறது. தமிழ்நாட்டில் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள், சாதாரண உயரக் கட்டடங்களுக்குத் தளப்பரப்பு விகிதத்தை 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின. கர்நாடகத்திலும் கட்டணம் செலுத்தினால் கூடுதல் தளம் கட்டலாம் என்ற 'பிரீமியம்' ஏற்பாடு வந்திருக்கிறது. இதை நாம் அடியோடு எதிர்க்கவில்லை. ஆனால் பணம் கட்டினால் மாடி உயரும் என்றால், பணம் உள்ளவன் மாடிதான் உயரும். அங்கே எழும்பும் வீடு கோடி ரூபாய் வீடு. அந்தக் கட்டணம் எந்தக் கணக்கில் விழுந்து எந்தச் சாலைக்குச் செலவாகிறது என்று நமக்குத் தெரிவதும் இல்லை. கூடுதல் தளம் என்பது வானத்திலிருந்து அரசு எடுத்துக் கொடுக்கும் நிலம். அது பொதுச் சொத்து. அதற்கு விலை பணமாக மட்டும் இருக்கக்கூடாது. வீடாகவும் இருக்க வேண்டும்.

தண்ணீர் எங்கே என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. 2024 கோடையில் குடத்தோடு டேங்கருக்குப் பின்னால் ஓடியவர்கள் நம் பெண்கள்தான். ஆகவே தண்ணீரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கி, நகரத்தோடு இணைந்த 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் வழி பிறந்தது. குழாயும் சாக்கடையும் போன பகுதியில் முதலில் தளத்தை உயர்த்துங்கள்; போகாத பகுதிக்கு முதலில் குழாயைக் கொண்டு போங்கள். தண்ணீரைக் காரணம் காட்டி வீட்டை மறுப்பதால் ஒரு குடமும் மிச்சமாகப் போவதில்லை. மக்கள் ஏற்கெனவே இங்கே இருக்கிறார்கள், நெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

எனவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக முன்வைக்கிறோம்.

ஒன்று: 1,200 சதுர அடிக்கு உட்பட்ட மனைகளில், அஸ்திவாரத்தையும் தீப்பாதுகாப்பையும் பொறியாளர் சோதித்துச் சான்றளித்தால், தரைத்தளமும் மூன்று மாடியும் சட்டப்படி கட்ட அனுமதி வேண்டும். ரயில், மெட்ரோ நிலையங்களுக்கும் பெரிய பஸ் நிலையங்களுக்கும் நடந்து போகும் தூரத்தில் உள்ள சிறு வீடுகளுக்குக் கார் இடம் கேட்கும் விதி கூடாது.

இரண்டு: ஒற்றை அறை வாடகை வீடுகளையும், கன்னடத்தில் வட்டார என்று சொல்லும் வரிசை வீடுகளையும், உழைக்கும் பெண்கள் விடுதிகளையும் சட்டம் ஒரு தனி வகையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, இத்தனை அடிக்கு ஒரு ஜன்னல், வீட்டுக்கு ஒரு மின் மீட்டர் என்று தரம் வகுக்க வேண்டும்.

மூன்று: பெரிய மனைகளுக்கு விற்கும் கூடுதல் தளத்தில் ஒரு பங்கை, அதே வார்டில் தொழிலாளர் குடும்பங்களுக்கான சிறு வாடகை வீடுகளாகக் கட்டித் தரச் செய்ய வேண்டும்.

நான்கு: மூடிக் கிடக்கும் பொதுத்துறை ஆலைகளின் நிலம் விற்பனைக்கு வரும்போது, அதில் ஒரு பகுதியை வீட்டுக்கென முதலிலேயே வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

ஐந்து: எந்தக் குடியிருப்பைக் காலி செய்தாலும், பட்டாதாரரோடு வாடகைக்காரரையும் கணக்கெடுத்து, வேலைக்குப் போய்வரும் தூரத்திலேயே மாற்று வீடு தர வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளில் எதுவும் தமிழருக்கென்று தனியாகக் கேட்பது அல்ல. ராய்ச்சூரிலிருந்தும் கலபுரகியிலிருந்தும் வந்து நீலத் தார்ப்பாய்க்குக் கீழே படுத்திருக்கும் கன்னடத் தோழனுக்கும் இதே வீடு வேண்டும். ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவனுக்கும் வேண்டும். பத்துப் பேருக்கு ஓர் அறை என்றிருக்கும்வரை, பக்கத்தில் நிற்பவன் பேசும் பாஷைதான் குற்றம் என்று ஒருவன் தூண்டிவிடுவது சுலபம். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் நம் குடிசைகள் எரிந்ததை நாம் மறக்கவில்லை. அந்த அனுபவம் நமக்குக் கற்பித்தது, உழைப்பவர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்க இடம் தரக்கூடாது என்பதே. ஆகவே மனுவைக் கன்னடத்தில் எழுதுவோம். கன்னடத் தோழர்களின் கையெழுத்தை முதலில் வாங்குவோம்.

யாரிடம் கொடுப்பது? 2020 செப்டம்பரில் மாநகராட்சிக் கவுன்சிலின் காலம் முடிந்த பின், இந்த நகரம் ஆண்டுக்கணக்கில் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் இல்லாமல் அதிகாரிகள் கையில் நடந்தது. 2025 செப்டம்பரில் அது ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து, மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம் உட்கார்ந்தது. பிரிப்பது பற்றி ஆயிரம் பேச்சு நடந்தது. வாடகை வீடு பற்றி ஒரு பேச்சும் இல்லை. புதிய பெருந்திட்டத்தின் வரைவு வரும்போது பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டமே கால அவகாசம் தருகிறது. 2017-ல் வரைவு வந்தபோது நாம் என்ன செய்தோம்? குடியிருப்போர் நலச் சங்கங்கள் கட்டுக்கட்டாக ஆட்சேபம் கொடுத்தன. எங்கள் தெருவில் கடை வேண்டாம், மாடி வேண்டாம், கூட்டம் வேண்டாம் என்றன. அந்தக் 'கூட்டம்' நாம்தான். நமக்காக நாம் ஒரு தாள்கூடக் கொடுக்கவில்லை. அடுத்த முறை அந்தத் தவறு நடக்கக்கூடாது.

அதற்கான வேலையை இன்றே தொடங்கலாம். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், லட்சுமண ராவ் நகர் என்று எந்தப் பகுதியில் நம் கிளை இருந்தாலும், ஒவ்வொரு தெருவிலும் எத்தனை குடித்தனம், எத்தனை கழிப்பறை, எவ்வளவு அட்வான்ஸ், மின் மீட்டர் உண்டா இல்லையா என்று நான்கு கட்டம் போட்ட நோட்டில் எழுதுங்கள். கணக்கு எழுதப் பட்டம் தேவையில்லை. பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகளே எழுதுவார்கள். வரைபடத்தில் நிறம் பூசுகிற அதிகாரி நம் தெருவை மஞ்சள் புள்ளியாகத்தான் பார்க்கிறார். அந்தப் புள்ளிக்குள் எத்தனை அடுப்பு எரிகிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டியது நாம்.

அந்த நோட்டோடும் கையெழுத்தோடும் நாம் அலுவலகத்துக்குப் போவோம். ஒருமுறை திருப்பி அனுப்பினால் மறுமுறை இன்னும் அதிகப் பேராகப் போவோம். மாரிகுப்பத்து ரயிலில் நின்றுகொண்டே தூங்கி வருகிற தம்பிக்கு, அவன் கல் சுமந்து கட்டிய இதே நகரத்தில் ஓர் அறை கிடைக்கும்வரை போவோம்.